பின்சீட் இல்லாத வண்டி

"நான் ஒருத்தனைக் கொன்னுட்டேன் மேடம். எப்படிக் கொன்னேன்னு மட்டும் நீங்க கண்டுபிடிச்சுக் குடுக்கணும்."

வெர்னா டூடெக் காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தில், தெற்குப் பகுதியில், ஒரு பௌலிங் கூடத்தின் மாடியில் இருந்தது அவளுடைய துப்பறியும் அலுவலகம். அங்கே வந்து உட்காருகிறவர்கள் எல்லோரும் 'நான் ஒண்ணுமே செய்யலை' என்றுதான் ஆரம்பிப்பார்கள். இவன் தலைகீழாக ஆரம்பித்திருந்தான். கீழே யாரோ உருட்டிய பந்து கட்டைகளை மொத்தமாகச் சாய்த்த சத்தம் தரை வழியாக மேலே வந்தது.

ஜன்னல் ஓரமாக நின்று ஜாம் பன்னைக் கடித்துக்கொண்டிருந்த உதவியாளன் ஆர்லோ, வாயைத் துடைத்துக்கொண்டான்.

"பாஸ், நம்ம தொழிலுக்கு ஆபத்து. கொலைகாரங்க இப்ப நேராவே வந்துடறாங்க."

"வாயை மூடு ஆர்லோ. நீங்க உக்காருங்க. பேர் சொல்லுங்க."

"ரோமன் ஜாண்டா."

ஐம்பதை ஒட்டிய வயது. தடித்த கைகள். சோப்புப் போட்டுத் தேய்த்தும் நகக்கண்ணில் கறுப்பு போகவில்லை. சட்டை இரண்டு சுற்றுப் பெரிதாகத் தொங்கியது. சட்டை பெரிதல்ல, ஆள் சமீபத்தில் இளைத்திருக்கிறான் என்று வெர்னாவுக்குப் புரிந்தது.

"பைக் பட்டறை வச்சிருக்கேன். கம்பெனியில வந்த வண்டியை அவங்கவங்க ஆசைப்படி வெட்டி, ஒட்டி, மாத்திக் குடுப்பேன். லாயிட் ரிட்டர் என் சிநேகிதன். இருபது வயசுல இருந்து ஒண்ணாச் சுத்தினவங்க. அவனோட பழைய ஹார்லியைக் கொண்டு வந்து விட்டான். 'பின்பக்கத்தை நல்லா இறக்கிடு ரோமன். தரையைத் தொடற மாதிரி இருக்கணும். பின் மட்கார்டைப் பாதியா வெட்டிடு'ன்னான். செஞ்சு குடுத்தேன்."

"அப்புறம்?"

"ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், தூறல்ல, ஏரிக்கரை ரோட்டுல போயிருக்கான். மதுக்கடைக்குப் போனவன் வீட்டுக்கே வரலைன்னு அவன் பொண்டாட்டி போலீஸ்ல சொல்லியிருக்கா. தண்டவாளம் தாண்டினதும் வண்டி சறுக்கி விளக்குக் கம்பத்துல..." ரோமன் முடிக்கவில்லை. "மட்கார்டு டயர்ல உரசி, சக்கரம் பூட்டிக்கிச்சுன்னு போலீஸ் சொல்லிடுச்சு. வண்டியை அளவுக்கு மீறி இறக்கினதுதான் காரணமாம். அடக்கம் பண்றப்ப அவன் பொண்டாட்டி நேடீன் எல்லார் முன்னாடியும் என்னைப் பாத்துச் சொன்னா. 'ஒரு துண்டுத் தகரம் அழகா இருக்கணும்னு என் புருஷனைக் கொன்னுட்டே'ன்னா."

"அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆமான்னேன்."

ஆர்லோ பன்னை மேஜைமேல் வைத்துவிட்டான்.

"பட்டறையை மூடிட்டேன். ஆனா எனக்கு ஒண்ணு விளங்கலை மேடம். டயருக்கும் மட்கார்டுக்கும் இடைவெளியை நான் சரியாத்தான் பாத்தேன். ராத்திரி முழுக்க அதையே யோசிக்கிறேன். எந்த இடத்துல தப்பு பண்ணேன்? நீங்க இன்சூரன்ஸ் கம்பெனியில அடிபட்ட வண்டிகளைப் பரிசோதிச்சவங்கன்னு சொன்னாங்க. கண்டுபிடிச்சுச் சொல்லுங்க."

"தெரிஞ்சு என்ன செய்யப் போறீங்க?"

"தூங்குவேன்" என்றான் ரோமன்.

*

பட்டறைக் கதவைத் தூக்கியதும் உள்ளே அடைந்திருந்த குளிர் முகத்தில் அடித்தது. கருவிகள் எல்லாம் சுவரில் அதனதன் ஆணியில் தொங்கின. நடுவில், தார்ப்பாய் போர்த்திய ஏதோ ஒன்று படுத்திருந்தது.

"இதை ஏன் இங்க வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள் வெர்னா.

"போலீஸ் விடுவிச்சதும் நேடீன் இங்க அனுப்பி வச்சுட்டா. 'கொன்னவன் வாசல்லயே போடுங்க'ன்னு சொல்லி அனுப்பினாளாம்."

தார்ப்பாயை ஆர்லோ உருவினான். முன் சக்கரம் எட்டுப் போல வளைந்திருந்தது. பின்பக்கம் அவ்வளவாக அடிபடவில்லை. தாழ்ந்து, குறுகி, பதுங்கி உட்கார்ந்த மிருகம் போல இருந்தது. மட்கார்டு சக்கரத்தின் உச்சியைத் தாண்டியதும் சட்டென்று முடிந்துபோனது.

"மழையில ஓட்டினா முதுகெல்லாம் சேறு அடிக்குமே" என்றான் ஆர்லோ.

"அடிக்கும். அதுதான் பெருமையே. முதுகுல சேத்துக் கோடு இருந்தா வெட்டின வண்டி ஓட்டறவன்னு அர்த்தம்."

"எங்க அம்மா பாத்தா வேற அர்த்தம் சொல்லுவாங்க."

ரோமன் சிரிக்கவில்லை. வெர்னா ஒரு அட்டையை விரித்து அதில் மல்லாந்து படுத்து, டார்ச்சுடன் வண்டிக்கு அடியில் தலையை நுழைத்தாள்.

"எப்படி இறக்கினீங்கன்னு சொல்லுங்க."

"நீளமான ஷாக் அப்சர்பரைக் கழட்டிட்டுக் குட்டையானதைப் போட்டேன். மாட்டறதுக்கு முன்னாடி ஸ்பிரிங்கை எடுத்துட்டு, வண்டியோட மொத்த பாரத்தையும் கீழ இறக்கிப் பாத்தேன். எவ்வளவு பெரிய குழியில விழுந்தாலும் சக்கரம் அதுக்கு மேல ஏறாது. ஷாக் அப்சர்பர்ல இருக்கற ரப்பர் கட்டை தடுத்துடும். அப்பக்கூட டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல ரெண்டு விரல் தாராளமாப் போச்சு."

"இந்த ரப்பர் அப்பப் போட்டதா?"

"ஆமா. புதுசு."

"இப்பவும் புதுசாத்தான் இருக்கு. குழந்தை கன்னம் மாதிரி. ஒரு தடவை பலமா முட்டியிருந்தாலும் நசுங்கின தடம் விழுந்திருக்கும். விழலை." டார்ச் வெளிச்சம் நகர்ந்தது. "ஆனா மட்கார்டோட உள்பக்கம் டயர் தேய்ச்ச கறுப்பு பட்டையா இருக்கு. ஆர்லோ, மட்கார்டை மேல இருந்து பாரு. எப்படி இருக்கு?"

ஆர்லோ குனிந்து பார்த்தான். "நடுவுல குழிஞ்சிருக்கு பாஸ். நான் உக்காந்து எழுந்த சோபா மாதிரி."

வெர்னா வெளியே வந்தாள். தலைமுடியில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிக்கொண்டாள்.

"ரோமன், போலீஸ் சொன்னது அரை உண்மை. மட்கார்டும் டயரும் உரசியிருக்கு. ஆனா சக்கரம் மேல போகலை. மட்கார்டு கீழ வந்திருக்கு."

"எப்படி வரும்?"

"யாராவது அதுமேல உக்காந்தா வரும்."

ரோமன் தலையை ஆட்டினான். "முடியாது மேடம். பின்சீட்டே கிடையாது. மட்கார்டைத் தாங்குற பட்டை ரெண்டையும் அறுத்துட்டேன். வெறும் தகரம். பூனைகூட உக்காரக் கூடாதுன்னு லாயிட்கிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேன்."

"அப்ப பூனையை விடக் கனமான ஒண்ணு உக்காந்திருக்கு" என்றான் ஆர்லோ.

"பின்னால உக்காந்தவங்க கால் வைக்க ஃபுட்ரெஸ்ட் இருக்கா?"

"அதையும் கழட்டிட்டேன்."

"கால் வைக்க இடமில்லாதவங்க எங்க வைப்பாங்க?" வெர்னா வண்டியின் வலப்பக்கம் வந்து சைலன்சரைக் காட்டினாள். பளபளத்த குழாயில் ஒரு இடத்தில் மட்டும், உருகிக் காய்ந்த ரப்பர் அப்பியிருந்தது. வெளிறிய நிறம். பழைய பால் மாதிரி. "இதோ இங்க. சூட்டுல செருப்போட அடி உருகி ஒட்டிக்கிச்சு. லாயிட் என்ன போட்டிருந்தார்?"

"பூட்ஸ்." ரோமனின் குரல் இறங்கியது. "கறுப்பு பூட்ஸ். அடியும் கறுப்பு."

ஆர்லோ பின்சக்கரத்தின் அச்சில் சுற்றியிருந்த எதையோ பேனாக்கத்தியால் விடுவித்து எடுத்தான். உள்ளங்கை நீளத் துணி. நீலமும் வெள்ளையும் கட்டம் போட்டது. கிரீஸில் ஊறியிருந்தது.

"வண்டி துடைக்கிற துணியா இருக்கும்" என்றான் ரோமன்.

"உங்க பட்டறையில துடைக்கிற துணிக்கு ஓரம் மடிச்சுத் தையல் போடுவீங்களா?" ஆர்லோ அதை விரித்துக் காட்டினான். இரண்டு விரல் அகலம். இரண்டு பக்கமும் நேர்த்தியான தையல். "இது நாடா. எதையோ கட்டின நாடா."

வெர்னா அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

"லாயிட்டுக்கு வேற பொம்பளை சகவாசம் ஏதாவது?"

"சேச்சே. அவன் அப்படிப்பட்டவன் இல்லை."

"செத்துப்போனவங்க யாருமே அப்படிப்பட்டவங்க இல்லை சார்" என்றான் ஆர்லோ.

*

அன்றும் வெள்ளிக்கிழமைதான். தெற்குப் பகுதியில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒருவரைத் தேடவேண்டுமென்றால் மதுக்கடைக்குத்தான் போகவேண்டும். குடிக்காதவர்களும் மீன் வறுவலுக்காக அங்கே வந்துவிடுவார்கள். லாயிட் கடைசியாகப் போனதாகச் சொல்லப்பட்ட கடையில் நிற்க இடமில்லை. எண்ணெய்ப் புகை, பிராந்தி வாசனை, ஈரக் கோட்டுகள்.

பரிமாறிக்கொண்டிருந்தவள் பெயர் டாட்டி. கைக்கு மூன்று தட்டாகச் சுமந்துகொண்டு கூட்டத்துக்குள் நீந்தினாள். ஆர்லோ அவள் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தான்.

"பாஸ், வெள்ளை ஷூ. வெளிறின அடி."

"பாத்தேன். கத்தாதே."

டாட்டி தட்டுகளை இறக்கிவிட்டு இடுப்பில் கை வைத்தாள். "என்ன தம்பி, வந்ததுல இருந்து என் காலையே பாக்கறே? ஏதாவது வேண்டுதலா?"

"அக்கா, ஷூ அளவு கேக்கலாம்னு..."

"லாயிட் ரிட்டரைப் பத்திக் கேக்க வந்தோம்" என்றாள் வெர்னா.

டாட்டியின் முகம் மாறியது. துண்டை எடுத்து மேஜையைத் துடைப்பதுபோலப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நல்ல மனுஷன். அந்தக் கடைசிச் சாயங்காலம்கூட இங்கதான் இருந்தாரு."

"கூட யாராவது இருந்தாங்களா?"

"யாருமில்லை. இதோ பாருங்க, ஊர்ல ஏதாவது பேசினா நம்பாதீங்க. அவருக்கும் எனக்கும் ஒண்ணும் கிடையாது." ஒரு காலைத் தூக்கி நாற்காலியில் வைத்தாள். "எதுக்குக் காலைப் பாக்கறீங்கன்னு தெரியலை. நல்லாப் பாத்துக்குங்க."

தேய்ந்த அடி. ஆனால் முழுசாக இருந்தது. உருகின சுவடே இல்லை.

"மன்னிச்சுக்குங்க" என்றாள் வெர்னா. "லாயிட் எப்படி இருந்தார்?"

"வாட்டமா இருந்தாரு. ஒரே ஒரு பிராந்தி. வீட்டுல சண்டையான்னு கேட்டேன். 'சண்டை போட்டாத் தேவலை, பேசவே மாட்டேங்கறா'ன்னாரு. சமாதானத்துக்கு ரெண்டு தட்டு மீன் பார்சல் வாங்கிக்கிட்டாரு. உருளைக்கிழங்கு அடையும் சேத்துக் கட்டச் சொன்னாரு. அவங்களுக்கு அது பிடிக்குமாம்."

யாரோ கூப்பிட, டாட்டி போய்விட்டாள். ஆர்லோ தன் தட்டில் இருந்த மீனைத் தூக்கி வாயருகே கொண்டுபோனான். அப்படியே நிறுத்தினான்.

"பாஸ்."

"என்ன, முள்ளா?"

"மீன் எங்க போச்சு?"

"உன் கையில."

"இது இல்லை. லாயிட் வாங்கின மீன். ரெண்டு தட்டு, அடையோட. இங்க இருந்து நேரா ஏரிக்கரைக்குப் போய் அடிபட்டிருந்தா ரோடெல்லாம் மீன் சிதறியிருக்கணுமே."

வெர்னா அவனை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு எழுந்து, கடையின் போனில் ரோமனைக் கூப்பிட்டாள். செய்தி கேட்டதுமே விபத்து நடந்த இடத்துக்கு ஓடியவன் அவன். ரோட்டில் சிதறிய ஒவ்வொரு துண்டையும் தன் கையால் பொறுக்கியவன்.

"மீனா? பார்சலா? ஒண்ணுமே இல்லை மேடம்" என்றான் ரோமன். "கண்ணாடித் துண்டும் தகரமும்தான். ஏன்?"

"நாளைக்குச் சொல்றேன்."

போனை வைத்துவிட்டுத் திரும்பி வந்தபோது வெர்னாவின் முகத்தில் உற்சாகம் இல்லை.

"அவர் வீட்டுக்குப் போயிருக்கார் ஆர்லோ. சாப்பிட்டிருக்காங்க. அதுக்கப்புறம்தான் ஏரிக்கரை."

"ஆனா நேடீன், புருஷன் வீட்டுக்கே வரலைன்னு போலீஸ்கிட்ட..." ஆர்லோ பாதியில் நிறுத்திக்கொண்டான். மீனைத் தட்டிலேயே திரும்ப வைத்தான். "பாஸ், இன்னொரு பொம்பளைன்னே இருந்திருக்கலாம் போலிருக்கே."

*

காலையில் நேடீன் ரிட்டர் கதவைத் திறந்தாள். இரண்டடுக்கு வீட்டின் மேல் தளம். கீழே லாயிட்டின் அம்மா இருந்தாள். படி ஏறும்போதே, கீழ்க்கதவின் இடுக்கு வழியாக ரேடியோவில் ஜெபம் கேட்டது.

"ரோமன் அனுப்பினானா உங்களை?" சிவந்த கண்கள், வாரப்படாத தலை. குரல் மட்டும் கூர்மையாக இருந்தது. "அவனுக்கு என்ன வேணும்? மன்னிப்பா? கிடைக்காதுன்னு சொல்லுங்க."

"மன்னிப்பு கேக்கலை. தான்தான் கொன்னேன்னு சொல்றாரு. எப்படின்னு தெரிஞ்சுக்கணுமாம்."

நேடீன் உள்ளே நடந்தாள். வலது காலைக் கொஞ்சம் இழுத்து வைத்தாள். சமையலறையில் வட்ட மேஜை. நான்கு நாற்காலிகள். மூன்றில் குஷன்கள் இருந்தன. நாலு மூலையிலும் நாடா வைத்து நாற்காலிக் காலோடு கட்டியவை. நீலமும் வெள்ளையும் கட்டம் போட்ட நாடா.

நாலாவது நாற்காலி வெறும் பலகையாக இருந்தது.

ஆர்லோ வெர்னாவைப் பார்த்தான். வெர்னா போய் அந்த வெறும் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இதுல குஷன் இல்லையே."

"கிழிஞ்சுபோச்சு. தூக்கிப் போட்டுட்டேன்."

வெர்னா பையில் இருந்து அந்தத் துண்டு நாடாவை எடுத்து மேஜைமேல் வைத்தாள். கிரீஸ் படிந்திருந்தாலும் கட்டம் தெளிவாகத் தெரிந்தது.

"இது லாயிட்டோட வண்டிச் சக்கரத்துல சுத்தியிருந்தது."

நேடீன் அதைத் தொடவில்லை. பார்த்துக்கொண்டே நின்றாள். கீழேயிருந்து ஜெபம் வரி வரியாக ஏறி வந்தது. கடைசியில் அவள் ஒரு அலமாரியைத் திறந்து, அடித்தட்டில் துணிகளுக்குப் பின்னால் இருந்து ஒரு குஷனை இழுத்தாள். துவைத்துத் துவைத்து வெளுத்துப்போயிருந்தது. மூன்று மூலைகளில் நாடா இருந்தது. நாலாவது மூலையில் நூல் பிய்ந்து தொங்கியது.

"இருபது வருஷம் அவரு முதுகுக்குப் பின்னாடி உக்காந்தவ நான்" என்றாள். "கல்யாணத்துக்கு முன்னாடி இருந்தே. எங்க போனாலும் என் இடம் அது. ஒருநாள் பட்டறையில இருந்து வண்டி வந்து வாசல்ல நிக்குது. பாக்கறேன், என் இடமே இல்லை. வெட்டி எடுத்துட்டாரு. எப்படி இருக்குன்னு என்னைக் கேக்கறாரு. குழந்தை மாதிரி சந்தோஷமா நின்னு கேக்கறாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லலை. அன்னையில இருந்து பேச்சையே நிறுத்திட்டேன். அந்த வெள்ளிக்கிழமை மீன் வாங்கிட்டு வந்தாரு. சாப்பிட்டோம். 'என்ன செய்யணும் சொல்லு நேடீன்'னாரு. ஏரிக்கரைக்குக் கூட்டிட்டுப் போங்கன்னேன். கார்ல போலாம்னாரு. கார் வேண்டாம், வண்டியிலதான்னேன். உக்கார முடியாது, ரோமன் திட்டுவான்னாரு. அப்ப நான்தான்..." அவள் குஷனை மார்போடு அணைத்துக்கொண்டாள். "நான்தான் இதை அவிழ்த்து எடுத்துக்கிட்டுப் போய் மட்கார்டுமேல கட்டினேன். என் கையால முடிச்சுப் போட்டேன்."

ஆர்லோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"தண்டவாளம் ஏறி இறங்கினதும் அடியில தகரம் அமுங்கிச்சு. ரப்பர் கருகின வாசனை. நான் புல்லுல போய் விழுந்தேன். எழுந்து ஓடிப் பாத்தேன். அவரு..." ஒரு மூச்சு இழுத்தாள். "கூப்பிட்டுப் பாத்தேன். தொட்டுப் பாத்தேன். ஒண்ணுமில்லை. தூரத்துல ஒரு கார் வெளிச்சம் வந்துச்சு. கீழ அவங்க அம்மா முகம் ஞாபகம் வந்துச்சு. இந்த வண்டியில ஏறாதேன்னு முந்தின நாள்கூடப் படியில நின்னு சொன்னாங்க. அன்னைக்கு ரேடியோ சத்தத்துல நாங்க போனது அவங்களுக்குக் கேக்கவே இல்லை. எழுந்து நடந்துட்டேன். வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டா என் கையில குஷன் இருக்கு. பாருங்களேன். அவரை அங்க ரோட்டுல விட்டுட்டு, குஷனை எடுத்துட்டு வந்திருக்கேன்."

வெர்னா மேஜைமேல் இருந்த நாடாவைத் திரும்பப் பையில் போட்டாள்.

"போலீஸ்காரன் வந்து மட்கார்டு உரசியிருக்கு, யார் செஞ்ச வேலைன்னு கேட்டான். ரோமன் பேரைச் சொன்னேன். சொன்னதும் மூச்சு விட முடிஞ்சுது. அதுக்கப்புறம் நிறுத்த முடியலை. ஒவ்வொரு தடவை மூச்சு முட்டும்போதும் அவன் பேரைச் சொன்னேன்."

குனிந்து பேண்ட்டின் கால்பகுதியைச் சுருட்டினாள். கெண்டைக்கால் ஓரம் நீளமாக ஒரு தீக்காயம். சரியாக ஆறாமல் நீர் கட்டியிருந்தது.

"முதல்ல டாக்டர்கிட்ட போகணும் நீங்க" என்றாள் வெர்னா. "திங்கட்கிழமை போலீஸ்ல சொல்லணும். நான் கூட வர்றேன். ஆனா ரோமன்கிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்."

"நான் சொல்லலைன்னா?"

"சொல்லுவீங்க. தூக்கிப் போட வேண்டிய குஷனைத் துவைச்சு வச்சிருக்கீங்களே."

நேடீன் கோட்டை எடுத்து மாட்டினாள். ஒரு கை நுழையவில்லை. ஆர்லோ வந்து பிடித்துக்கொடுத்தான்.

"இப்பவே போயிடலாம்" என்றாள். "அப்புறம்னு விட்டா வர மாட்டேன்."

*

ரோமன் பட்டறையில் இருந்தான். நேடீனைப் பார்த்ததும் கையில் இருந்த துணியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு அடி பின்னால் போனான். அடி வாங்கத் தயாராக நிற்பவன்போல இருந்தான்.

அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் குறைக்கவில்லை. குஷன், முடிச்சு, தண்டவாளம், நடந்துபோனது, அவன் பேரைச் சொன்னது, கல்லறையில் பேசியது எல்லாம். சொல்லி முடித்தபோது அவள் குரல் தேய்ந்துபோயிருந்தது.

ஆர்லோ மெல்ல முன்னால் நகர்ந்தான். ரோமன் எதையாவது தூக்கி எறிந்தால் தடுக்கலாம் என்று.

ரோமன் கேட்டான்: "உனக்குத் தலையில ஏதும் அடிபடலையே?"

நேடீன் இதை எதிர்பார்க்கவில்லை. இல்லை என்று தலையாட்டினாள்.

ரோமன் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்தான். முகத்தைத் தேய்த்தான். ஒரு பாரம் இறங்கியவன் முகம் அல்ல அது. வெர்னா அதைக் கவனித்தாள். இத்தனை வருஷத் தொழிலில் குற்றம் நீங்கினவர்களை அவள் பார்த்திருக்கிறாள். அவர்கள் இப்படி உட்கார மாட்டார்கள்.

"ரோமன்," என்றாள், "என்கிட்ட நீங்க ஏதோ ஒண்ணைச் சொல்லாம விட்டிருக்கீங்க."

அவன் தலை நிமிரவில்லை.

"சொல்லலை. இடைவெளியை அளந்தேன், ரப்பரைப் பாத்தேன், அதையெல்லாம் சொன்னேன். எங்கேயாவது கைத்தப்புன்னு நீங்க சொல்லிட்டா போதும்னு இருந்தேன். கைத்தப்புன்னா தாங்கிக்கலாம்." நேடீன் பக்கம் திரும்பினான். "அவன் போறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி இங்க வந்தான். ஒரு சின்ன சீட் போட்டுக் குடுன்னு கேட்டான். அறுத்த பட்டையை மறுபடி வெல்டிங் பண்ணி, ஃபுட்ரெஸ்ட் மாட்டி. அரை நாள் வேலை. நான் சிரிச்சேன் நேடீன். 'சோபாவே போட்டுடவா'ன்னு கேட்டேன். 'என் கையால செஞ்ச அழகை நானே கெடுக்க மாட்டேன், போடா'ன்னு விரட்டிட்டேன்."

வெளியே ஒரு லாரி போனது. கதவின் தகரம் அதிர்ந்து அடங்கியது.

வெர்னாவின் வழக்கு அதோடு முடிந்துபோயிற்று. மூன்று பேர் சேர்ந்து செய்ததில் ஒருவர் இறந்துவிட்டார். மீதி இரண்டு பேர் ஒருவருக்கொருவர் முன்னால் நின்றார்கள். யார் யாரை மன்னிப்பது என்று அவளால் சொல்ல முடியவில்லை.

நேடீன் ஒரு அடி எடுத்து வைத்தாள்.

"சீட் கேட்டாரா? அவரா?"

"ஆமா."

"எனக்காகவா?"

"வேற யாருக்கு?"

"என்ன சொல்லிக் கேட்டாரு? நீயா மாத்திச் சொல்லாதே. அவரு சொன்ன மாதிரியே சொல்லு."

ரோமன் யோசித்தான். உதடுகள் இரண்டு தடவை அசைந்து நின்றன.

"'அவ பின்னாடி இல்லாம வண்டி ரொம்ப லேசா இருக்குடா, எனக்குப் பிடிக்கலை'ன்னான்."

நேடீனின் முகம் உடைந்தது. கிடைத்ததைப் பிடித்துக்கொண்டாள். அது ரோமனின் சட்டைக் கை.

"இன்னொரு தடவை சொல்லு."

வெர்னா ஆர்லோவின் தோளைத் தொட்டாள். இருவரும் வெளியே வந்து காரில் உட்கார்ந்தார்கள். ஆர்லோ ஏதாவது சொல்லுவான் என்று காத்திருந்தாள். அவன் கண்ணாடியில் படிந்த ஈரத்தைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டிருந்தான்.

உள்ளே ரோமன் சொல்லிக்கொண்டிருந்தான். வெர்னா சாவியைத் திருகவில்லை.